மூன்றாவது அங்கி

சதுப்பு நிலையத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவர் ஜீப் ஓட்டும் டிரைவர் அண்ணன். வைத்ததில் தப்பே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் நாலு நிறுத்தம் தாண்டி இறங்குவதற்குள் அவளுடைய நாத்தனார் சண்டை முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் பங்குக்கு யோசனையும் சொல்லி அனுப்புகிறவள். அப்பேர்ப்பட்ட வாய்க்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! காலை ஐந்தரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை மூச்சு விடலாம், பேச்சு விடக் கூடாது. "வேலையில ஊமை, வீட்டுல ரேடியோ" என்று அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

வேலை இதுதான். அந்தச் சதுப்பில் ஒரு காலத்தில் பெருங்கொக்குகள் இருந்தன. கிட்டத்தட்ட ஆள் உயரம், சாம்பல் நிறம், கூப்பிட்டால் மூன்று மைலுக்குக் கேட்கும். வேட்டையிலும் வயல் மருந்திலும் செத்துச் செத்து, இருபது வருஷமாக ஒன்றுகூட இல்லை. இப்போது வேறெங்கிருந்தோ முட்டை கொண்டுவந்து, பெட்டியில் சூடு கொடுத்துப் பொரிக்க வைத்து, வளர்த்து, சதுப்பிலேயே விடுகிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வந்ததும் எதைப் பார்க்கிறதோ, எதன் குரலைக் கேட்கிறதோ, அதுவே தன் இனம் என்று முடிவு கட்டிவிடும். மனிதனைப் பார்த்தால் ஆயுசுக்கும் மனிதன் பின்னாலேயே வரும். அப்படி வருகிற பறவை எத்தனை நாள் பிழைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் அங்கி. உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரை தொங்குகிற சாம்பல் நிறத் துணி. முகத்துக்கு நேரே கறுப்பு வலை. வலது கையில் முழங்கை வரை மாட்டிக்கொள்ள, கொக்கின் தலையும் கழுத்துமாக ஒரு பொம்மை. அதன் அலகால்தான் இரையை எடுத்துக் காட்ட வேண்டும். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, பொத்தானை அழுத்தினால் தாய்க்கொக்கின் குரல் வரும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, குஞ்சுகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான், அந்த எண்ணுக்கு அடையாளமாகக் காலில் வண்ண வளையம். டிரைவர் அண்ணனுக்கு ஒரு தடவை தும்மல் வந்து, வேறு வழியில்லாமல் இரை வாளிக்குள் தலையை விட்டுத் தும்மினார். அன்றைக்கு முழுவதும் அவர் பக்கத்தில் யாரும் போக முடியவில்லை, அவ்வளவு மீன் நாற்றம்.

உடை மாற்றும் அறையில் மூன்று ஆணி, மூன்று அங்கி. ஒன்று அவளுக்கு, ஒன்று அண்ணனுக்கு, மூன்றாவது டாக்டரம்மாவுக்கு. டாக்டரம்மா கால்நடை மருத்துவர். நிலையத்தின் பொறுப்பும் அவரிடம்தான். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார். திடீரென்று அங்கியை மாட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்று பார்ப்பார். உள்ளே யார் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாய்விட்டுக் கேட்கவா முடியும்?

போன வருஷம் ஏழு குஞ்சுகளை வெளியே விட்டார்கள். மூன்றாவது வாரம் ஏழும் சதுப்பை விட்டுக் கிளம்பி, காய்ந்த வாய்க்கால் வழியாக நடந்தே போய், சாலையோர மரக்கடைக்குள் நுழைந்தன. நன்றாகப் பறக்கத் தெரிந்த பறவைகள், நடந்து போயின. அங்கே பலகை அடுக்குகிற ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். காவல் நாய்கள் அவிழ்ந்து கிடந்தன. வாசலில் லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஆறு உடல்களை அவளும் அண்ணனும்தான் சாக்கில் கட்டி எடுத்து வந்தார்கள். ஏழாவது கிடைக்கவில்லை. நாய் இழுத்துப் போயிருக்கும் என்று முடித்துவிட்டார்கள். சீக்கிரமே வெளியே விட்டது தன் தவறு என்று டாக்டரம்மா தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். இந்த வருஷமும் இப்படி ஆனால் நிலையத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பதில் வந்தது.

டாக்டரம்மாவின் தவறே இல்லை அது. வாயாடிக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஏழில் ஏழாம் எண் குஞ்சு, பிறந்த இரண்டாம் வாரம் சளி கட்டிச் சாகக் கிடந்தது. ஒன்பது நாள் சூட்டு அறையில் அதை மடியில் போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக மருந்து கொடுத்தவள் அவள். முதல் நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். இரண்டாம் நாள் அது கழுத்தைத் தொங்கப் போட்டதும் அவளையறியாமல் வாய் திறந்துகொண்டது. "ஒண்ணுமில்லடா கண்ணு. நான் இருக்கேன்ல." குஞ்சு தலையைத் தூக்கியது. அப்புறம் என்ன, மீதி நாளெல்லாம் பேச்சுதான். புருஷனுடைய சைக்கிள் கடையில் நடந்தது, அடுத்த வீட்டுக்காரி சொன்னது, எல்லாம் சொன்னாள். குஞ்சு பிழைத்தது. பிழைத்ததோடு, மனிதக் குரல்தான் அம்மா என்றும் கற்றுக்கொண்டது. வெளியே விட்டபின் அதுதான் முன்னால் நடந்திருக்கும். மற்ற ஆறும் அதன் காலைப் பார்த்துப் பின்னால் போயிருக்கும். கொக்கின் சுபாவம் அது.

ஒன்றைக் காப்பாற்றி ஆறைக் கொன்றவள் தான் என்பது அவள் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய் இதை மட்டும் பத்து மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுப் போயிருக்கலாம், யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் போகவில்லை. இந்த வருஷத்து ஆறு குஞ்சுகளையாவது ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் வளர்த்து வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இந்த வருஷத்து ஆறும் இரண்டரை மாதம் தாண்டி இடுப்புயரம் வளர்ந்திருந்தன. தினமும் காலையில் நடை உண்டு. வலைக்கூண்டைத் திறந்து, அங்கிக்காரர் இருவரும் முன்னும் பின்னுமாக அவற்றை நாணலுக்கு நடுவே ஆழமில்லாத தண்ணீருக்குக் கூட்டிப்போவார்கள். பனி விழத் தொடங்கிவிட்ட மாதம். பத்தடிக்கு அப்பால் எதுவும் முழுசாகத் தெரியாது. நாணல் தெரியும், அதன் வேர் தெரியாது. பக்கத்தில் யாரோ தண்ணீரில் கால் வைத்த சத்தம் கேட்கும், திரும்பினால் வெறும் வெள்ளை.

ஒரு திங்கட்கிழமை, தண்ணீருக்கு அந்தப் பக்கம் மூன்றாவது அங்கி நின்றது.

டாக்டரம்மா வந்துவிட்டார் என்று அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பொம்மை அலகை ஒழுங்காகச் சாய்த்து, நத்தையைக் கிளறிக் காட்டினாள். அந்த உருவம் பார்த்துக்கொண்டே நின்றது. திரும்பும்போது ஆறு தலைகளை எண்ணிவிட்டு நிமிர்ந்தாள். அங்கே யாரும் இல்லை. தண்ணீர் கலங்கிய சத்தமும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் கிட்டே நின்றது. புதன்கிழமை இன்னும் கிட்டே. அசையவே இல்லை. இடுப்புவலிக்காரியான டாக்டரம்மாவால் எப்படி ஒரு மணி நேரம் இப்படிக் கட்டை மாதிரி நிற்க முடிகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். வியாழக்கிழமை அந்த உருவம் மெதுவாகக் குனிந்தது, தண்ணீருக்குள் எதையோ தொட்டுக் காட்டியது. சரியாக அவர்கள் செய்கிற மாதிரியே. குஞ்சுகளில் இரண்டு அவளை விட்டு அதன் பக்கம் போயின. எதையோ வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தன.

அன்றைக்கு உடை மாற்றும் அறையில் ஈர அங்கியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "டாக்டரம்மாவுக்கு என்ன ஆச்சுண்ணே? நாலு நாளா வர்றாங்க, நின்னு பாக்குறாங்க, ஒரு வார்த்தை சொல்லாம போயிடுறாங்க. நம்ம மேல ஏதாவது புகாரா?"

அண்ணனுடைய தலை அங்கிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருந்தே சொன்னார். "டாக்டரம்மாவா? அவங்க ஞாயித்துக்கிழமையே மீட்டிங்குக்குப் போயாச்சேம்மா. நான்தானே ரயிலேத்தி விட்டேன்."

"அப்ப அங்க நிக்கிறது?"

தலை வெளியே வந்தது. "தலைமையில இருந்து நம்மள சோதிக்க ஆள் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். நீ பாட்டுக்குக் கண்டுக்காம நடந்தியா, உனக்குத் தெரிஞ்ச ஆளாக்கும்னு நானும் விட்டுட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் மூன்றாவது ஆணியைப் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்து கிடந்தது. தோளில் தூசி. முக்காட்டிலிருந்து சுவர் வரைக்கும் ஒரு சிலந்தி நிதானமாக வலை பின்னி முடித்திருந்தது.

"நாளைக்கு எனக்கு லீவு வேணும்" என்றார் அண்ணன். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அண்ணனுக்குப் பேய் பயம். அவளுக்கு அதைவிட மோசமான பயம். சாக்கில் கட்டிக் கொண்டுவந்த ஆறின் பாரம் கையில் இன்னும் இருந்தது. அதில் ஏதோ ஒன்று, இல்லை, ஆறும் சேர்ந்து ஓர் அங்கியை மாட்டிக்கொண்டு நியாயம் கேட்க வந்திருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றியது. பைத்தியக்கார எண்ணம்தான். ஆனால் வெள்ளைப் பனிக்குள் முகமில்லாத ஒன்று நாலு நாளாகத் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது என்று தெரிந்தபின் புத்திசாலி எண்ணம் எங்கிருந்து வரும்?

வீட்டில் அன்று அவள் வாயே திறக்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான் புருஷன். குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "ஏதாவது திட்டவாவது செய்டி. நீ பேசாம இருந்தா வீட்டுல கரண்ட் போன மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை அண்ணன் லீவு எடுக்கவில்லை. மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு அவளுக்கு முன்பே வந்து நின்றார். இடுப்புப் பெட்டிகளை அணைத்துவிட்டுப் போவது, எதைப் பார்த்தாலும் கத்தக் கூடாது, ஆபத்தென்றால் இடது கையைத் தூக்குவது என்று பேசிக்கொண்டார்கள். கத்தினால் ஆறு குஞ்சுகளின் கதை அங்கேயே முடிந்துவிடும். அதைத்தான் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள்.

தண்ணீரை நெருங்கும்போது நாணலுக்குள்ளிருந்து தாய்க்கொக்கின் குரல் வந்தது. அவள் கை தன் பெட்டிக்குப் போனது. அணைந்துதான் இருந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மறுபடி அந்தக் குரல், இப்போது இடப்பக்கம், மிக அருகில். குஞ்சுகள் ஆறும் ஒன்றாகத் தலையைத் திருப்பின.

பனியை விலக்கிக்கொண்டு அது வந்தது. அவள் உயரத்துக்கு நின்றது. அண்ணனுடைய பொம்மை தண்ணீரில் விழுந்தது. அது இன்னும் ஓரடி வைத்தது. அங்கியின் ஓரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மெல்லிய கால்கள். ஒரு காலில் வளையம், மஞ்சள், நீலம், மஞ்சள்.

ஏழாம் எண்.

பேயாக இருந்திருந்தால்கூட அவள் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாள். பத்து மாதம் தனியாக, நாய்க்கும் துப்பாக்கிக்கும் வெயிலுக்கும் தப்பி, வளர்ந்து, அங்கியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அது அவள் முகத்திரைக்கு நேரே தலையைக் கொண்டுவந்தது. ஒரு பக்கமாகச் சாய்த்தது. அப்படியே நின்றது. என்ன செய்கிறது என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அது காது கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தது. அவள் பேசுவதற்காக.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கடைசியில் அது தலையை எடுத்துக்கொண்டு, திரும்பி, காய்ந்த வாய்க்கால் பக்கமாக நடக்கத் தொடங்கியது. அந்தப் பக்கம்தான் சாலை. மரக்கடையின் ரம்பச் சத்தத்துக்கு நடுவே ஆட்கள் பேசுவது காலையில் லேசாகக் கேட்கும். குஞ்சுகள் ஆறும் அதன் காலைப் பார்த்துக்கொண்டு வரிசையாகப் பின்னால் போயின.

அவள் பொத்தானை அழுத்தினாள், வாளியை ஆட்டினாள், ஓடினாள். அண்ணன் சேற்றில் விழுந்து எழுந்து குறுக்கே மறித்தார். அரை மணி நேரம் பட்ட பாட்டில் ஆறையும் கூண்டுக்குள் சேர்த்தார்கள். ஏழாம் எண் வலைக்கு வெளியே வந்து நின்றுகொண்டது.

அண்ணனுக்குப் பயம் போய்ச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மாலையே ரயிலடிக்குப் போய் டாக்டரம்மாவை அழைத்து வந்து நேரே கூண்டுக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா அங்கியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலக அறைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஒண்ணு பொழச்சிருக்கு" என்றார். "பத்து மாசம் தனியா. எங்க மேயணும், எங்க ஒளியணும், எல்லாம் அதுக்குத் தெரியும். நம்மளவிட நல்ல வாத்தியார். திங்கக்கிழமை கூண்டைத் திறந்து ஆறையும் அது கூடவே விட்டுடலாம்."

அண்ணன் கை தட்டினார். வாயாடி சுவரில் சாய்ந்து நின்றாள். பேசாமல் இருந்தால் அவள் தலை தப்பும். ஆறும் மரக்கடைக்கு நடந்து போகும். டாக்டரம்மா மறுபடியும் தன் தவறு என்று எழுதிக் கொடுப்பார். இதுதான் கணக்கு, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"விடாதீங்க டாக்டரம்மா" என்றாள். "அது மனுஷக் குரலைத் தேடிப் போகும். நான்தான் பழக்கினேன்."

ஒன்பது நாளையும் சொன்னாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பேசின?" என்றார் டாக்டரம்மா.

"என்னென்னவோ..."

"முதல்ல என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லடா கண்ணு, நான் இருக்கேன்ல."

டாக்டரம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது. "பத்து மாசமா ஒரு நாள் ஒழுங்கா தூங்கலடி நான். ஒவ்வொரு நாளும் ஏன் அவசரப்பட்டோம், ஏன் அவசரப்பட்டோம்னு. பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்திருக்க."

அவளுக்கு மன்னிப்பு கேட்கவும் வெட்கமாக இருந்தது. அழுதாள்.

"அழுகையெல்லாம் அப்புறம்" என்றார் டாக்டரம்மா. "அதைப் பிடிச்சுக் கூண்டுல போட்டா ஆயுசுக்கும் கூண்டுதான். அதை விரட்டணும். நாங்க விரட்டினா எங்களைப் பாத்துத்தான் பயப்படும். உன் குரலைத் தேடித் திரும்ப வரும். உன் குரல்னா பயம் வரணும். உன் குரலுக்கே பயந்துட்டா வேற எந்த மனுஷக் குரல் பக்கமும் போகாது."

சனிக்கிழமை காலை, முதல் தடவையாக அவள் அங்கி இல்லாமல் சதுப்புக்குள் போனாள். சொந்தச் சேலையில், வெறும் முகத்தோடு. டாக்டரம்மாவும் அண்ணனும் தகர டப்பாக்களோடு நாணலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டைச் சுற்றிப் படுதா கட்டியிருந்தது. ஆறுக்கும் பார்க்க முடியாது, கேட்க மட்டும் முடியும். குரலோடு பயமும் சேர்ந்து கேட்டால் கெடுதல் இல்லை என்றிருந்தார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்லடா கண்ணு" என்றாள். அவள் குரல் பனிக்குள் போய், வேறு யாரோ பேசுவது போலத் திரும்பி வந்தது. "நான் இருக்கேன்ல."

அது ஓடி வந்தது. சிறகைப் பாதி விரித்துக்கொண்டு, குஞ்சு மாதிரியே தொண்டைக்குள் கிறுகிறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு, விழுந்தடித்து ஓடி வந்தது. டப்பாக்களை அடித்துக்கொண்டு இருவரும் நாணலிலிருந்து பாய்ந்தார்கள். அது மிரண்டது. மிரண்டு, எங்கே ஒளிந்தது என்கிறீர்கள்? அவளிடமே. தலையை அவள் கைக்கு அடியில் செருகிக்கொண்டு நடுங்கியது.

டாக்டரம்மா டப்பாவைக் கீழே போட்டார். "நீதான் பிடிக்கணும்" என்றார். "வேற வழியில்ல."

மறுநாளிலிருந்து அவளே பிடித்தாள். கூப்பிடுவாள், வரும், வந்ததும் இரண்டு கையாலும் கழுத்தையும் சிறகையும் அமுக்கிச் சேற்றோடு சேர்த்து அழுத்துவாள். காயம் படாமல், ஆனால் அது உயிருக்குப் போராடும் அளவுக்கு. அழுத்திக்கொண்டே பேச வேண்டும், அதுதான் முக்கியம். கண்ணு, தங்கம், நான் இருக்கேன், நான் இருக்கேன். நூறு எண்ணியதும் விட்டுவிடுவாள். அது தள்ளாடி ஓடிப் போய் கொஞ்சம் தள்ளி நின்று திரும்பிப் பார்க்கும். அவள் மறுபடி கூப்பிடுவாள். மறுபடி வரும். முதல் நாள் ஐந்து தடவையும் வந்தது. வெறுப்பே இல்லாமல் வந்தது. ஐந்தாவது தடவை வந்தபோது அவளுக்கு அதன் மேலேயே கோபம் வந்தது. "ஏன்டா வர்ற, சனியனே, போய்த் தொலையேன்டா" என்று கதறினாள். திட்டும் அதற்குக் கொஞ்சலாகத்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். முன்கையெல்லாம் நகக் கீறல். புருஷன் மருந்து போட்டுவிட்டு, "விட்டுடேன், அவங்களே பாத்துக்கட்டும்" என்றான்.

அண்ணனும் அதையேதான் வேறு மாதிரி கேட்டார். "எப்படிம்மா தினம் தினம் போற? என்னால பாக்கவே முடியலையே."

"நான் போகலன்னா அது வரும்ணே" என்றாள்.

நாலாம் நாள் அது பாதி வழியில் நின்றது. ஒரு காலைத் தூக்கியபடி யோசித்தது, பிறகு வந்தது. ஐந்தாம் நாள் இருபதடி தள்ளி நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. வரவும் இல்லை, போகவும் இல்லை. பனிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த ஜன்மத்தில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் அவளுக்கு இருந்ததில்லை. அவளாக அதை நோக்கி ஓடிப் போய், பிடித்து, அமுக்கினாள். ஏழாம் நாள் அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், அது அதுவரை போடாத ஒரு குரல் போட்டது. தகரம் கிழிகிற மாதிரி. அபாயக் குரல். போட்டுவிட்டு எழும்பிப் பறந்தது. படுதாவுக்குள் ஆறும் தடதடவென்று மூலைக்கு ஓடிப் பதுங்கின. யாரும் கற்றுக் கொடுக்காமலே அவற்றுக்கு விளங்கிவிட்டது.

டாக்டரம்மா அன்று தலைமைக்கு எழுதினார். போன வருஷம் நடந்தது என்ன என்று ஒளிக்காமல் எழுதி, அடியில் அவளையும் கையெழுத்துப் போடச் சொன்னார். இனி முட்டை அறைக்கும் குஞ்சு அறைக்கும் அவள் வரக் கூடாது. ஆணியிலிருந்து அவள் அங்கியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். வேலை மிச்சம் இருக்குமா என்று தலைமை சொல்ல வேண்டும். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கூண்டைத் திறக்கிற அன்றைக்குக் கரையில் அவள் நிற்க வேண்டும் என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார்.

அன்றும் பனி. அங்கி போட்ட அண்ணன் கூண்டைத் திறந்துவிட்டு நாணலுக்குள் மறைந்தார். ஆறும் தயங்கித் தயங்கி வெளியே வந்தன. கொஞ்சம் தள்ளி ஏழாம் எண் மேய்ந்துகொண்டிருந்தது. ஆறும் அதை நோக்கிப் போய், அதன் பின்னால் வரிசை கட்டின. அது வாய்க்கால் பக்கம் இன்னும் திரும்பவில்லை. டாக்டரம்மா கையைக் காட்டினார்.

அவள் கரையில் எழுந்து நின்றாள். "ஒண்ணுமில்லடா கண்ணு" என்றாள். "நான் இருக்கேன்ல."

தகரம் கிழிந்தது. ஏழாம் எண் எழும்பியது, அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று, கடைசியாக ஆறாவதும் கால் தொங்கத் தொங்கத் தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்பியது. சாலைக்கு எதிர்ப்பக்கம், மனிதன் கால் படாத உள்சதுப்பைப் பார்த்துப் போயின.

"போதும்மா. போயிடுச்சு. நிறுத்து" என்றார் டாக்டரம்மா. தோளைத் தொட்டார்.

அவள் நிறுத்தவில்லை. ஆயுசு முழுவதும் அந்த ஏழுக்கும் இனி பேய் அவள்தான். குஞ்சு பொரித்தால் அந்தக் குஞ்சுகளுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கும். அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல வலித்தது. இவ்வளவு நிம்மதியாக அவள் பத்து மாதத்தில் இருந்ததும் இல்லை. சிறகுச் சத்தம் பனிக்குள் இன்னும் கேட்டது, லேசாக, உள்ளே இன்னும் உள்ளே. அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.